சுவரைப் பிய்த்து எழுதிய சேதி

எர்ணாவூரில் மணலி வாடை தெரியாமல்
தூங்குகிற ஒரே ஆள் என் புருஷன்.
காற்று மேற்கிலிருந்து திரும்பும் ராத்திரிகளில்
தெருவே ஜன்னலைச் சாத்தும்.
பரிதி மட்டும் வாயைத் திறந்தபடி
கண்டெய்னர் லாரி மேம்பாலம் ஏறுவதைப் போல்
குறட்டை விடுவான்.
கொடுத்து வைத்தவர் என்றாள் கீழ்வீட்டு மரகதவல்லி.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
மருந்துக்கடையில் ஒன்பது வருஷமாய் நிற்கிறேன்,
அப்படித்தான் நினைத்தேன்.

மூக்கில் சதை. மூன்று வருஷமாய்
மீன் குழம்பும் டீசலும் அவனுக்கு ஒரே வெறுமை.
பனிக்காலத்தில் இளைப்பு.
இரண்டையும் ஒரே நூலில் கோக்க
எனக்குத் தோன்றவில்லை.

அன்று தலையைப் பிடித்துக்கொண்டு வந்தான்.
ஜீரோ கேட்டில் பதினாறு மணி நேர வரிசை.
நான்தான் ஆஸ்பிரினைக் கரைத்தேன்.
எவர்சில்வர் டம்ளரில் அது நுரைத்த
சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது.

நாற்பது நிமிஷம்.
பிறகு அவன் நெஞ்சுக்குள் யாரோ
ஷட்டரை இழுத்துவிட்டார்கள்.

ஸ்டான்லியில், விடிகாலை மூன்றே முக்கால்,
என்னைவிடப் பத்து வயது சின்னவள், டாக்டர் நஸீமா,
ஓபி சீட்டின் பின்பக்கம் ஒரு கோடு போட்டாள்.
"இது செல்லோட சுவர். கொழுப்பால கட்டினது."

கொழுப்பென்றால் எனக்கு
ரத்தப் பரிசோதனைத் தாளில் தடித்த எழுத்து,
பிரியாணிக் குண்டானின் ஓரம்,
அவனைத் திட்டும் வார்த்தை:
உடம்பெல்லாம் கொழுப்புடா உனக்கு.
அது பேசும் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் சுவர்மேல் எழுதுவார்கள்,
தேர்தலுக்கு இரண்டு வருஷம் முன்னதாக இடம் பிடித்து.
செல்லிடம் சுண்ணாம்பும் இல்லை, தூரிகையும் இல்லை.
சேதி சொல்ல வேண்டுமென்றால்
தன் சுவரிலிருந்தே ஒரு செங்கல்லை,
செங்கல்கூட இல்லை, எண்ணெயாய் வழுக்கும் ஒரு வாலை
கத்தரித்து எடுக்கிறது.
சுவரே காகிதம். சுவரே மை.
வலி என்கிறது.
காய்ச்சலைக் கூப்பிடு என்கிறது.
மூச்சுக்குழாயைப் பார்த்து
இறுக்கு என்கிறது, விடு என்கிறது.
சொல்லி முடித்ததும் கரைந்துபோகிறது,
கையெழுத்துகூட மிஞ்சாமல்.

கோட்டிலிருந்து இரண்டு கிளை வரைந்தாள் நஸீமா.
ஒன்று வலியின் சேதி. இன்னொன்று குழாயை முறுக்குவது.
முறுக்குவதற்குக் கடிவாளமும்
அந்த வலிக்காரச் சேதியிடம்தான் இருக்கிறதாம்.
ஆஸ்பிரின் முதல் வழியை அடைக்கும்.
அடைத்தால்,
என்று அவள் தொடங்குமுன்
முகமூடிக்குள்ளிருந்து பரிதி:
"ஜீரோ கேட்ட மூடுனா
வண்டியெல்லாம் எங்க தெருவுல பூந்துடும். அதானே?"
ஆவி படிந்த பிளாஸ்டிக்குக்குள்
சிரிக்கப் பார்த்தான்.
லாரிக்காரனுக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது.
எனக்கு டம்ளர் மட்டும் தெரிந்தது.

"சில பேருக்குத்தான் இப்படி. உங்க தப்பில்ல."
தப்பில்லை என்பது
கைகழுவிய பிறகும் விரலில் நிற்கும் மாத்திரைப் பொடி.

ஸ்டீராய்டு எழுதினார்கள், கத்தரிக்கோலின் கையைப் பிடிக்க.
ராத்திரிக்கு இன்னொரு மாத்திரை,
முறுக்கு என்பது காதில் விழாமலிருக்க.

இப்போது கடையில்
தலைவலிக்கு ஒன்று என்று கை நீட்டுகிறவர்களிடம்
மூக்கு அடைக்குமா, இளைப்பு உண்டா,
மல்லிப்பூ வாசனை தெரியுமா என்று கேட்கிறேன்.
"மாப்ள பாக்க வந்தியாக்கா? மாத்திரய குடு"
என்றான் ஒரு மீன்பாடி வண்டிக்காரன்.
பதில் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன்.

பதினோராம் நாள், ராத்திரி இரண்டு மணி.
காற்று திரும்பியிருந்தது.
உலுக்கி எழுப்பினான்.
"இன்னாடி இது, இப்டி நாறுது? கேஸ் லீக்கா?"
அடுப்புவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.
இல்லை என்றேன். எப்போதும் இதுதான் என்றேன்.
"மூணு வருஷமாவா?"
ஜன்னலைச் சாத்த எழுந்தவன்
சாத்தாமல் நின்றான்,
முகத்தைச் சுளித்தபடி,
இழுத்து இழுத்து.